ருமேனியாவின் சின்னப் படங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

#1 பழைய ரீல்

ராத்திரி தூக்கம் வராமல் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பத்து நிமிடப் படம் தட்டுப்பட்டது. 1957-ல் ருமேனியாவில் இயோன் பொபெஸ்கு-கோப்போ வரைந்த 'ஸ்குர்தா இஸ்தோரியே'. 'சுருக்க வரலாறு' என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சே கிடையாது. பூமி உருண்டு திரள்கிறது, உயிர் முளைக்கிறது, குரங்கு நிமிர்ந்து நிற்கிறது. பிறகு ஒரு குட்டி மனிதன் வருகிறான். பேரிக்காய்த் தலை, உடம்பில் பொட்டுத் துணி இல்லை, அதைப் பற்றிய வெட்கமும் இல்லை. மனித குலம் கண்டுபிடித்ததையெல்லாம் அவனே கண்டுபிடித்துக்கொண்டு போகிறான். கடைசியில் விண்வெளிக்குப் போய் வேறொரு கிரகத்தில் பூ நடுகிறான்.

பிரான்சின் கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான முதல் பரிசு, தங்கப் பனை, வாங்கிய படமாம் இது. விழா நடந்தது 1957 மே மாதம். ஸ்புட்னிக் பறந்தது அக்டோபரில். அதாவது நிஜ ராக்கெட் கிளம்புவதற்கு ஐந்து மாதம் முன்பே இவன் போய்ப் பூ நட்டுவிட்டு வந்துவிட்டான்.

ருமேனிய சினிமா என்றால் எனக்கு 2007-ல் தங்கப் பனை வாங்கிய முன்ஜியுவின் கருக்கலைப்புப் படம் ஒன்றுதான் தெரியும். முழுநீளப் படங்களைப் பற்றி இங்கே ஏற்கனவே நிறையப் பேசியாயிற்று. குறும்படம், அனிமேஷன், ஆவணப்படம் பக்கம் போனவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

#2 எடிட்டிங் மேசை

நல்ல இடத்தில்தான் கால் வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் குட்டி மனிதன் பிறந்த கதையை கோப்போவே பல தடவை சொல்லியிருக்கிறார். டிஸ்னியோடு நிறத்திலோ நளினத்திலோ தொழில்நுட்பத்திலோ போட்டி போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்துகொண்டார். அதனால் டிஸ்னியிடம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். அலங்காரம் போயிற்று, நிறம் குறைந்தது, கடைசியில் சட்டையும் போயிற்று. மிஞ்சியது ஒரு கோடு, ஒரு யோசனை. காசு இல்லாதவன் கண்டுபிடித்த அழகியல் இது. எடிட்டிங் அறையில் உட்காருபவனுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். அவர் படத்தில் வெட்டி எறிய ஒரு சட்டகம்கூடக் கிடைக்காது.

'கோப்போ' என்ற பெயரும் ஒரு கத்தரி வேலைதான். அம்மா வீட்டுப் பெயர் கொரெங்கோ, அப்பா பொபெஸ்கு. இரண்டின் தலையை வெட்டி ஒட்டிக்கொண்டார். 1958-ல் 'ஏழு கலைகள்', 1960-ல் 'ஹோமோ சேபியன்ஸ்'. அப்புறம் அறுபதுகளின் நடுவில் 'மாத்திரைகள்' என்று ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டுப் படங்கள் செய்தார். இன்றைக்கு ரீல்ஸ் ரீல்ஸ் என்று குதிக்கிறோமே, அந்த மனிதர் 1966-லேயே செய்து முடித்துவிட்டார்.

1989 நவம்பர் கடைசியில் இறந்தார். நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்கு விழுவதற்குச் சில வாரம்தான் பாக்கி. இன்று அந்த நாட்டின் வருடாந்தரத் திரைப்பட விருதுக்கே கோப்போ என்றுதான் பெயர்.

ஆனால் அவரோடு நின்றுவிடாதீர்கள். சபின் பலாஷா என்று ஓர் ஓவியர் இருந்தார். காமிராவுக்குக் கீழே வண்ணத்தைக் குழைத்துக் குழைத்துப் படம் செய்தவர். 'துளி' 1966-ல் வந்தது. கோப்போவிடம் கோடு நடக்கும், பலாஷாவிடம் நீலம் வழியும். யாஷ் நகரப் பல்கலைக்கழகச் சுவரில் அவர் வரைந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு இந்தப் படங்களுக்கு வந்தால், சுவர் அப்படியே அசைய ஆரம்பித்த மாதிரி இருக்கும்.

#3 வடலி

கோப்போவைப் பற்றி எல்லாரும் கதைப்பினம். நான் சொல்லுறது வேற ஒண்டு. 'டெல்டா விண்வெளிப் பயணம்', 1984. கலின் கசானும் மிர்ச்சா தொயாவும் செய்தது, அனிமாஃபிலிம் ஸ்டூடியோ. இது முழுநீளப் படம்தான், ஆனா முதல்ல சின்னச் சின்னப் படங்களாத்தான் வந்தது. அதால இந்த இழைக்குள்ள விடலாம் எண்டு நினைக்கிறன்.

கதை 3084-ஆம் ஆண்டில நடக்குது. அல்மா எண்டு வேற்றுக்கிரகத்துப் பத்திரிகையாளர் ஒராள் வாறா. விண்கலத்தில இருக்கிற கணினி அவவில காதல் கொண்டுடுது. அதுக்குப் பிறகு கணினி செய்யிற அட்டகாசம்தான் படம். கதையை விடுங்கோ, நிறத்தைப் பாருங்கோ! ஊதா, பச்சை, செம்மஞ்சள் எல்லாம் ஒண்டோட ஒண்டு அடிபடுது. பின்னணியில எலெக்ட்ரானிக் இசை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்ஃபோனோட பாத்தனான். முடிஞ்ச பிறகும் நித்திரை வரேல்லை.

யோசிச்சுப் பாருங்கோ. அந்த வருசங்களில தலைநகர் புக்கரெஸ்டில வீட்டுக்குச் சூடு இல்லை, கடையில சாமான் இல்லை, மின்வெட்டு. 1985-இலயிருந்து டீவி ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு மணித்தியாலம். அதிலயும் பாதி தலைவர்ர முகம். அப்பிடி ஒரு ஊரில இருந்து இவ்வளவு நிறம் எங்கயிருந்து வந்தது?

#4 நூலகத்து நிழல்

வடலி தம்பி, நிறம் ஸ்டூடியோவுக்குள்ளே இருந்தது. தெருவில்தான் இல்லை.

ஆரம்பத்தை யாரும் சொல்லவில்லையே, அதைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன். 1898-ல் புக்கரெஸ்டில் கியோர்கே மரினெஸ்கு என்ற நரம்பியல் மருத்துவர், பக்கவாதம் வந்தவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதைக் காமிராவில் பதிவு செய்தார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் சினிமாவை முதலில் திரையிட்டு மூன்று வருடம்கூட ஆகவில்லை. உலகத்தின் முதல் அறிவியல் படங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஊர்வலமும் ரயிலும் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனிதர் ஒரு நோயாளியின் காலடியை எடுத்திருக்கிறார். பல வருடம் கழித்து 1924-ல் ஓகஸ்ட் லூமியேரே அவருக்குக் கடிதம் எழுதி அதை மெச்சினார். அந்தப் படச்சுருள்கள் காணாமல் போய், எழுபதுகளில்தான் மீண்டும் கையில் கிடைத்தன.

அனிமேஷனில் முதல் படம் 1920-ல் ஔரெல் பெத்ரெஸ்கு செய்த 'நிலாவில் பகாலா'. பகாலா அந்த ஊரின் நாட்டுப்புறக் கதைகளில் வருகிற எத்தன். படம் தொலைந்துவிட்டது. கையில் இருப்பதில் பழையது மரின் யோர்தாவின் 'ஹாப்லெயா', 1927. ஆவணப்படத்தில் பவுல் கலினெஸ்குவின் 'மோட்ஸ் நாடு' 1939-ல் வெனிஸில் பரிசு பெற்றது. அதற்கு முன்பே சமூகவியலாளர் திமித்ரியே குஸ்தி தன் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி, த்ரகூஷ், கொர்னோவா போன்ற கிராமங்களைப் படம் எடுக்க வைத்தார். பரிசு, திருவிழா என்ற யோசனையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. அவை ஆய்வுக் குறிப்புகள்.

இன்னொன்று. கானில் குறும்படத்துக்கான முதல் பரிசு ருமேனியாவுக்கு நான்கு முறை போயிருக்கிறது: 1957, 1969, 2004, 2008. எல்லாரும் முதலும் கடைசியும் சொல்வார்கள். 1969-ல் வாங்கிய மிரெல் இலியேஷியுவின் 'மறுமலர்ச்சிப் பாடல்கள்' படத்தை யாரும் சொல்வதில்லை. மாட்ரிகல் பாடகர் குழுவைப் பற்றியது. பாட்டில் காது உள்ளவர்கள் தேடிப் பாருங்கள்.

#5 பழைய ரீல்

நன்றி அக்கா. இலியேஷியுவைத் தேடப் போனால் 'அலெக்ஸாந்த்ரு சாஹியா ஸ்டூடியோ' என்ற பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அரசாங்க ஆவணப்பட ஸ்டூடியோ போலிருக்கிறது. தொழிற்சாலை, டிராக்டர், கைதட்டல், நீளமான பின்னணிக் குரல். இரண்டு பார்த்தேன், மூன்றாவதில் கொட்டாவி. அந்த நாற்பது வருடத்தைத் தாண்டிவிட்டு நேரே 1990-க்கு வரலாமா?

#6 எடிட்டிங் மேசை

தாண்டினால் முக்கியமானதை விட்டுவிடுவீர்கள்.

சாஹியாவில் நிறையக் குப்பை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே கட்டடத்தில்தான் அலெக்ஸாந்த்ரு பொயாஞ்சியு 1963-ல் 'பூப் போன்ற எங்கள் வீடு' எடுத்தார். தலைப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் நடந்த மட்டமான வேலையைப் பற்றியது. சோஷலிசம் கட்டிய வீட்டில் குறை சொல்லலாமா என்று கேட்கிற காலத்தில், அரசாங்கக் காசிலேயே எடுத்தார். கோபெல் மோஸ்கு 1982-ல் மாலைப் பள்ளியைப் பற்றி ஒன்று எடுத்தார். ஷிஃப்ட் முடித்து வகுப்பில் வந்து உட்காரும் தொழிலாளர்கள். யாரும் எதையும் எதிர்த்துப் பேசுவதில்லை. காமிரா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர்கள் கண் சொருகுகிறது. பின்னணிக் குரலுக்கு வேலையே இல்லை.

குறும்படம் என்பதால் தப்பித்தது என்பது என் கணக்கு. முழுநீளப் படத்துக்குத் திரைக்கதையிலிருந்து பிரிண்ட் வரை ஒவ்வொரு படியிலும் ஒரு அதிகாரி. பத்து நிமிடப் படத்தில் அவ்வளவு பேருக்கு அக்கறை இருக்காது. அந்தச் சந்துக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள் இவர்கள். சில வருடம் முன்பு 'சாஹியா வின்டேஜ்' என்று டிவிடி தொகுப்புகளாக ஆங்கில சப்டைட்டிலோடு வந்திருக்கின்றன.

ஆனால் சாஹியாவில் ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் 'ரெகோன்ஸ்திதுயிரேயா', 1960, விர்ஜில் கலோதெஸ்கு. பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

#7 சோல்டரிங்

அது நான் பார்த்திருக்கிறேனே. இரண்டு பையன்கள், ஒரு சாராயக் கடைச் சண்டை, போலீஸ் அதைத் திரும்ப நடிக்கச் சொல்லும். அருமையான படம்.

#8 எடிட்டிங் மேசை

ஐயா, அது லூசியன் பிந்திலியே 1968-ல் எடுத்த கதைப்படம். பெயர் ஒன்றுதான், 'மீள்நடிப்பு'. நான் சொல்வது எட்டு வருடம் முந்தியது. அதில் நடிப்பவர்கள் நடிகர்கள் இல்லை.

விஷயம் இதுதான். 1959 ஜூலை 28-ஆம் தேதி புக்கரெஸ்டில் தேசிய வங்கியின் வண்டியை மடக்கி 16 லட்சம் லெய் கொள்ளையடித்தார்கள். கம்யூனிஸ்ட் நாட்டில் வங்கிக் கொள்ளை! அப்படி ஒரு குற்றம் அங்கே நடக்கக்கூடாது என்பதுதானே கொள்கை. ஊரையே சலித்து ஆறு பேரைப் பிடித்தார்கள். ஐந்து ஆண்கள், ஒரு பெண். எல்லாரும் யூதர்கள். கட்சியிலும் போலீஸிலும் பல்கலைக்கழகத்திலும் பத்திரிகையிலும் நல்ல இடத்தில் இருந்தவர்கள். லெய் வெளிநாட்டில் செல்லாது. உள்ளூரில் அவ்வளவு காசைக் கையில் எடுத்தாலே மாட்டிக்கொள்வார்கள். பிறகு எதற்கு இதைச் செய்தார்கள் என்பது இன்றுவரை தீராத கேள்வி.

பிடித்த பிறகு ரகசியப் போலீஸான செகுரிதாதே ஒரு படம் எடுக்க முடிவு செய்தது. சாஹியாவின் குழு, சாஹியாவின் காமிரா. கொள்ளை எப்படி நடந்தது என்று அந்த ஆறு பேரையே நடிக்க வைத்தார்கள். அதே தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, அதே மாதிரி வண்டியை மறிக்க வைத்து. காட்சி அமைப்பெல்லாம் ஒரு துப்பறியும் படம் மாதிரி சுத்தம். நல்ல லைட்டிங், நல்ல கட். தொழில் தெரிந்த ஆள் வெட்டியிருக்கிறான், அதுதான் வயிற்றைப் பிசைகிறது. ஐந்து ஆண்களையும் 1960-ல் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெண், மோனிக்கா செவியானு, குழந்தைகள் இருந்ததால் ஆயுள் தண்டனையோடு தப்பி, 1964 பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டவில்லை. கட்சிக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும்.

#9 நூலகத்து நிழல்

இதை ஆவணப்படம் என்று சொல்லாதீர்கள், தம்பி. கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய நடிப்பு அது. நாளைக்குச் சாகப்போகிற மனிதனைக் கூப்பிட்டு "கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி நில்லுங்கள், வெளிச்சம் சரியில்லை" என்று சொல்லியிருப்பார்கள் அல்லவா? அதை நம் மாதிரி ஆட்கள் உட்கார்ந்து லைட்டிங் நன்றாக இருக்கிறது, கட் நன்றாக இருக்கிறது என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

#10 எடிட்டிங் மேசை

அக்கா, கோபம் நியாயம். ஆனால் ஆவணம் என்றால் உண்மை என்று யார் சொன்னது? அந்தப் படம் சொல்லும் கதை பொய்யாகவே இருக்கட்டும். அதில் இருக்கும் முகங்கள் நிஜம். ஒரு மனிதன் தன்னையே நடிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஆவணம். கலோதெஸ்கு நினைத்ததற்கு ஆவணம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால் பின்னால் வந்த இரண்டு படங்கள் இல்லை. 2001-ல் இரேன் லுஸ்டிக் எடுத்தார். அவர் மோனிக்காவின் பேத்தி. பாட்டியை உயிரோடு நடமாடும் உருவமாகப் பார்க்க அவருக்குக் கிடைத்தது போலீஸ் எடுத்த அந்தச் சுருள். 2004-ல் அலெக்ஸாந்த்ரு சொலொமோன் 'மாபெரும் கம்யூனிஸ்ட் வங்கிக் கொள்ளை' எடுத்தார். பழைய படத்தில் வேலை செய்தவர்களையே தேடிப் பிடித்து உட்கார வைத்துப் பேச வைத்தார். அன்றைக்குக் காமிராவுக்குப் பின்னால் நின்றவர் இப்போது முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

#11 நூலகத்து நிழல்

பேத்தி விஷயம் தெரியாது. அதற்காகவாவது அந்தச் சுருள் இருக்கட்டும். ஆவணப்படம் என்று மட்டும் என் வாயில் வராது.

#12 மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. ஒரே வேண்டுகோள், திருட்டுப் பதிவிறக்க இணைப்பு போட வேண்டாம், ஒன்றை நீக்கியிருக்கிறேன். 'சினிபப்' என்று ருமேனியப் படங்களைச் சட்டப்படி இலவசமாகக் காட்டும் தளம் யூடியூபிலேயே இருக்கிறது. குறும்படம், ஆவணப்படம் நிறைய.

#13 வடலி

நான் இப்ப இயக்குநர் உஜிகாவின்ர 'நிக்கொலாய் சௌசெஸ்குவின் சுயசரிதை' பாத்து முடிச்சனான். 2010. மூண்டு மணித்தியாலம். விளக்கம் சொல்ல ஒரு குரல் இல்லை, பெயர் போடேல்லை, வருசம் போடேல்லை. ஆள் கை காட்டுறார், சனம் கை தட்டுது. திரும்பக் கை காட்டுறார். உண்மையைச் சொன்னா நடுவில எழும்பித் தேத்தண்ணி போட்டனான். திரும்பி வந்தாலும் கை தட்டிக்கொண்டுதான் நிக்கினம். எனக்கு விளங்கேல்லை, இதில என்ன இருக்கு?

#14 எடிட்டிங் மேசை

அந்த அலுப்புதான் படம். கிட்டத்தட்ட எல்லாமே அரசாங்கக் காமிராமேன்கள் தலைவரைப் புகழ்வதற்காக எடுத்த சுருள்கள். உஜிகா ஒரு சட்டகம்கூடப் புதிதாக எடுக்கவில்லை. பின்னணிக் குரலை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டார். முதலில் 1989 டிசம்பர் விசாரணை, பதில் சொல்ல மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிழவர். அங்கிருந்து 1965-க்குப் போய்விடுகிறது. நடுவில் அவர் வாலிபால் ஆடும் காட்சி ஒன்று வருமே, அதைப் பார்த்தீர்களா, தேத்தண்ணி போடப் போய்விட்டீர்களா? சத்தமே இல்லாத காட்சி. மனுஷனுக்கு ஆட வரவில்லை. அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தைரியமும் இல்லை.

சுயசரிதை பிடிக்கவில்லையென்றால் அதே உஜிகா, ஜெர்மன் இயக்குநர் ஹாருன் ஃபரோக்கியோடு சேர்ந்து 1992-ல் செய்த 'ஒரு புரட்சியின் வீடியோகிராம்கள்' பாருங்கள். அதில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன்.

1989 டிசம்பர் 21. மாடத்தில் நின்று சௌசெஸ்கு பேசுகிறார். கீழே கூட்டம், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. திடீரென்று தூரத்தில் ஏதோ சத்தம். பேச்சு நிற்கிறது. வாய் பாதி திறந்தபடி நிற்கிறது. எது நடந்தாலும் காமிராவைத் திருப்பிவிடு என்பது காமிராமேன்களுக்கு முன்கூட்டியே போட்ட உத்தரவு. காமிரா ஆடுகிறது, மேலே போகிறது, கட்டடத்தின் கூரை, பிறகு வானம். வெறும் வானம். ஒளிபரப்பு அறுந்துவிட்டது. ஆனால் வெளியே நின்ற ஒளிபரப்பு வண்டியில் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. கீழே என்ன நடக்கிறது என்று காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு ஆட்சி போனதை அவர்களுடைய காமிராவே பதிவு செய்திருக்கிறது, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

நான் கல்யாண வீடியோவிலிருந்து விளம்பரம் வரை பதினைந்து வருடமாக வெட்டுகிறேன். இப்படி ஆடிய ஷாட் வந்தால் யோசிக்காமல் தூக்கிவிடுவேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தூக்குகிறேன்.

#15 நூலகத்து நிழல்

வானம் என்றதும் எனக்கு ராது ஜூடெயின் 'செத்த தேசம்' ஞாபகம் வருகிறது. 2017. ஸ்லொபோஸியா என்ற சிற்றூரில் கொஸ்திகா அக்சிந்தே என்று ஒரு ஸ்டூடியோ புகைப்படக்காரர். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கண்ணாடித் தகடுகளில் அவர் எடுத்த படங்கள் மட்டும்தான் திரையில். கல்யாண ஜோடி, பட்டாளத்துக்காரன், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அம்மா, பன்றியோடு போஸ் கொடுக்கும் விவசாயி. எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமாக நிற்கிறார்கள். காதில் ஓடுவதோ எமில் தோரியான் என்ற யூத மருத்துவரின் நாட்குறிப்பு. அதே வருடங்கள், அதே நாடு. கடை உடைப்பு, சட்டம் போட்டு வேலையைப் பிடுங்குவது, படுகொலை. படத்தில் அதில் ஒன்றுகூட இல்லை. தகடுகள் ஓரத்தில் அழுகிப் பொரிந்து முகங்களைத் தின்னத் தொடங்கியிருக்கின்றன. அதை மட்டும் நானாக எதையோ நினைத்துக்கொண்டு பார்த்தேன்.

1941-ல் யாஷ் நகரத்து யூதர்களைக் கொன்ற படுகொலையைப் பற்றி அதே ஜூடெ, அத்ரியான் சியொஃப்லிங்கா என்ற வரலாற்றாளரோடு 2020-ல் ஒரு படம் செய்தார். செத்தவர்களின் பாஸ்போர்ட் படம் ஒவ்வொன்றாக வரும், யார், எப்படிச் செத்தார் என்று குரல் சொல்லும். நான் ஒரே மூச்சில் பார்க்கவில்லை, மூன்று நாளாயிற்று.

#16 பழைய ரீல்

சாமி, கொஞ்சம் மூச்சு விடுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன். குறும்படம் கேட்டேன், எல்லாரும் என்னை மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

#17 எடிட்டிங் மேசை

சரி, 2004-க்கு வாருங்கள்.

முன்கதை இரண்டு வரி: புரட்சிக்குப் பிறகு ஸ்டூடியோக்கள் படுத்துவிட்டன. 2000-ல் புது ருமேனிய முழுநீளப் படம் ஒன்றுகூட வரவில்லை என்பார்கள். காசு இல்லாத பையன்கள் குறும்படம் எடுத்தார்கள். 2004 பிப்ரவரியில் கிறிஸ்தி புயு பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது, மே மாதம் கதாலின் மிதுலெஸ்கு 'டிராஃபிக்' படத்துக்குக் கானில் தங்கப் பனை. அதே கானில் மாணவர் பிரிவில் கொர்னேலியு பொரும்போயுவுக்கு ஒரு பரிசு. ஒரே வருடம்!

புயுவின் படம் 'ஒரு பெட்டி கென்ட்டும் ஒரு பாக்கெட் காபியும்'. உணவகத்தில் ஒரு மேசை, அப்பா, மகன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம் தேவை. மகனுக்கு ஆள் பழக்கம் உண்டு. கென்ட் சிகரெட்டும் காபியும் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளில் அந்த நாட்டில் டாக்டருக்கும் ஆபீஸ்காரருக்கும் ஒரு பாக்கெட் கென்ட்தான் நாணயம். யாரும் அதைப் பிடிப்பதில்லை, கை மாறிக்கொண்டே இருக்கும். ஆட்சி போய்ப் பதினைந்து வருடம் கழித்தும் அந்த நாணயம் செல்லுகிறது. மகன் அப்பாவிடம் பேசும் தொனியைக் கேளுங்கள். அதட்டவும் இல்லை, மரியாதையும் இல்லை. வேலை முடிந்தால் போதும்.

அப்பாவாக நடிப்பவர் விக்டர் ரெபெஞ்சுக். 1989 டிசம்பரில் தொலைக்காட்சியில் டாய்லெட் பேப்பர் சுருளோடு வந்து, நேற்றுவரை புகழ் பாடியவர்கள் முதலில் வாயைத் துடைத்துக்கொள்ளட்டும் என்ற மனுஷன். அதைத் தெரிந்துகொண்டு இந்தப் படத்தில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

#18 வடலி

சின்னப் படம் எண்டா போக்தான் முரெஷானுவின்ர 'கிறிஸ்மஸ் பரிசு', 2018. நாள் 1989 டிசம்பர் 20. மகன் கிறிஸ்மஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டுட்டான். தனக்கு என்ன வேணும், அம்மாவுக்கு என்ன வேணும், அப்பாவுக்கு என்ன வேணும் எண்டு. அப்பா வீட்டில சொன்னதைக் கேட்டு அப்பிடியே எழுதியிருக்கிறான், 'நிக்கு மாமா சாக வேணும்' எண்டு. நிக்கு மாமா ஆரெண்டு விளங்குதுதானே? கடிதம் தபால் பெட்டிக்குள்ள விழுந்திட்டுது. தகப்பன்ர முகத்தைப் பாக்கேக்க சிரிப்பும் வருது, கை காலும் நடுங்குது. அடுத்த நாள்தான் அண்ணை சொன்ன அந்த வானம்! அது தெரியாமல் இவங்கள் ராத்திரி முழுக்கப் பயந்து சாகிறாங்கள்.

2019-இல ஐரோப்பியத் திரைப்பட விருது கிடைச்சது. இதையே வளர்த்து 2024-இல முழுநீளமா எடுத்து வெனிசில பரிசும் எடுத்திட்டார். எனக்குச் சின்னதுதான் பிடிச்சது.

அனிமேஷனில் அங்கா தாமியானின்ர 'குருலிக்' பாக்காதவை பாருங்கோ. போலந்துச் சிறையில உண்ணாவிரதம் இருந்து 2008-இல செத்த ஒரு ருமேனியப் பெடியன். செத்தவனே கதை சொல்லுறான், அதுவும் பகிடியா. அன்சி அனிமேஷன் விழாவில 2012-இல பெரிய பரிசு எடுத்தது. அவவின்ர 'மரோனா' நாயைப் பற்றினது, பிள்ளையளோட பாக்கலாம். கண் துடைக்கப் பக்கத்தில ஒரு லேஞ்சி வச்சுக்கொள்ளுங்கோ.

#19 நூலகத்து நிழல்

'கொலெக்தீவ்' பார்க்காமல் இந்த இழையை மூடாதீர்கள். 2015 அக்டோபர் 30, புக்கரெஸ்டில் அதே பெயருள்ள இசை அரங்கில் தீ. அந்த இடத்தில் இறந்ததைவிட ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் அதிகம், மொத்தம் 64 பேர். கிருமிநாசினியைத் தண்ணீர் கலந்து நீர்த்துப் போக வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்காரர்கள். நானாவ் எடுத்த படம். ஆஸ்காருக்கு ஆவணப்படம், சர்வதேசப் படம் என்று இரண்டு பிரிவிலும் போயிற்று. பழைய ரீல் தம்பி மூச்சு விடக் கேட்டிருந்தார், மன்னிக்கவும்.

#20 பழைய ரீல்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நேற்று நானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தேன், அக்கா சொன்ன அதே ராது ஜூடெ, 2006-ல் எடுத்த 'லாம்பா கு கச்சுலா'. இருபத்துச் சொச்சம் நிமிடம். கிராமத்துப் பையன் விடிகாலையில் அப்பாவை எழுப்புகிறான். டிவி ரிப்பேர், புரூஸ் லீ படம் பார்க்கணும். மழை கொட்டுகிறது. அப்பாவும் பையனும் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து டவுனுக்குப் போகிறார்கள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மட்டும் வழி முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது, எங்கே போட்டு உடைத்துவிடுவார்களோ என்று. முடிவைச் சொல்லமாட்டேன்.

தலைப்புக்கு 'தொப்பி வைத்த விளக்கு' என்று பொருள் வருகிறது. டிவிக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

#21 சோல்டரிங்

இங்கேதான் எனக்கு வேலை. இதுவரை பேசியதில் பாதி புரியவில்லை, இது நன்றாகப் புரிகிறது.

விளக்கு இல்லை தம்பி, வால்வு. பழைய செட்டில் டிரான்ஸிஸ்டருக்கு முன்னால் இருந்த கண்ணாடிக் குழாய். எல்லா வால்வுக்கும் கீழே பின் இருக்கும், சாக்கெட்டில் சொருகுவோம். பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் உண்டாக்க உதவும் லைன் அவுட்புட் வால்வு மாதிரி சிலதுக்கு மட்டும் உச்சந்தலையில் ஒரு உலோகக் குமிழ் இருக்கும். அதன் மேல் ஒரு மூடியை மாட்டி அதிலிருந்து ஒயர் போகும். பி.எல். 36, பி.எல். 500 எல்லாம் அந்த ரகம். ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்பு அங்கே இருக்கும். அதைக் கீழே மற்ற பின்களுக்குப் பக்கத்தில் விட்டால் பொறி பறக்கும், அதனால்தான் தலையில் வைத்தார்கள். தொப்பி போட்ட ஆள் மாதிரியே இருக்கும். எங்கள் கடையில் 'குடுமி வால்வு' என்போம்.

அது போய்விட்டால் சத்தம் வரும், படம் வராது. திரை கரிக்கட்டை. வீட்டுக்காரர்கள் டிவி நன்றாகத்தான் பேசுகிறது, ஆனால் பார்க்க முடியவில்லை என்று கொண்டுவருவார்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் பார்த்தேன். எல்லாரும் உடைந்துவிடுமோ என்று பயந்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை, பிக்சர் டியூப் கண்ணாடி முன்பக்கம் லேசில் உடையாது. எனக்குப் பயமாக இருந்தது மழைதான். நனைந்த வால்வு செட்டைப் பின்மூடி கழற்றி ஒரு நாளாவது காய வைக்காமல் ஆன் பண்ணக்கூடாது. ஈ.எச்.டி. என்கிற உயர் மின்னழுத்தப் பக்கம் ஈரம் இருந்தால் சர்ரென்று கசியும், புது வால்வும் சேர்ந்து போகும். கடைக்கு வருகிறவர்களிடம் தலை தலையாக அடித்துக்கொண்டு சொல்வேன், நாளைக்குப் போடுங்கள் என்று. அன்றைக்கே மேட்ச் இருக்கும், இல்லையென்றால் படம் இருக்கும். ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அந்தப் பையனா கேட்கப்போகிறான்?